மதியம் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் தப்பா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38. ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊர். ஆடிட்டர் ஒருவருக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்து கொடுக்கிறேன், பெரும்பாலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன். காலை 4.45க்கு எழுந்தால் இரவு படுக்க 11.30 ஆகிவிடுகிறது. இரண்டு பிள்ளைகள். மாமனார், மாமியார் கூட இருக்கிறார்கள், மாமனாருக்குச் சர்க்கரை. மதியம் 2 மணி ஆனால் கண் சொக்குகிறது, எண்களை மாற்றித் தட்டிவிடுகிறேன். கொஞ்சம் சாயலாம் என்று படுத்தால் 4 மணிக்குப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கி எழுப்பும்வரை எதுவும் தெரிவதில்லை. எழுந்தால் தலை பாரம், எரிச்சல், எல்லாம் பிள்ளைகள் மேல்தான் விழுகிறது. அந்தக் கோலத்தோடுதான் சின்னவனை வண்டியில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுகிறேன். ராத்திரி தூக்கமும் தள்ளிப்போகிறது. சரி, படுக்கவே வேண்டாம் என்று இருந்தால் சாயங்காலம் நெஞ்சு படபடக்கிறது, ஒன்றுமில்லாததற்கு அழுகை வருகிறது. பகலில் பெண்கள் தூங்கினால் வீட்டுக்கு ஆகாது, உடம்பும் ஊதிவிடும் என்கிறார் அத்தை. நான் பகலில் தூங்கலாமா, கூடாதா? (பெயர் வேண்டாம்)

பதில்:

சகோதரி, தூங்கலாம். உங்கள் நிலைமையில் கட்டாயம் தூங்க வேண்டும் என்றே சொல்வேன். நேரத்தையும் அளவையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், அதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இரவு 11.30 முதல் காலை 4.45 வரை ஐந்தேகால் மணி நேரம், அதுவும் படுத்த உடனே தூங்கிவிட்டால். உங்கள் வயதில் ஒருவருக்குக் குறைந்தது 7 மணி நேரமாவது வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் துண்டு விழுகிறது, வாரத்துக்குப் பன்னிரண்டேகால். மதியம் 2 மணிக்குப் படுத்து 4 மணிவரை அடித்துப் போட்டது போல் தூங்குகிறீர்களே, அதைக் குட்டித் தூக்கம் என்று சொல்ல முடியாது, இரவில் பாக்கி வைத்ததை உடம்பு வந்து வசூல் செய்துகொண்டு போகிறது. அதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, ஏன் சொல்லி வைத்தாற்போல் 2 மணிக்கு வருகிறது? நாம் எல்லோரும் சோற்றின் மேல் பழியைப் போடுகிறோம். வயிறு முட்டச் சாதம் சாப்பிட்டால் அசதி கூடும் என்பது உண்மைதான், ஆனால் மதியச் சாப்பாட்டையே தள்ளிவிட்டாலும் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் ஒரு இறக்கம் வரத்தான் செய்கிறது, ஏனென்றால் அது உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின் வேலை. இந்தக் கடிகாரம் ஒரு நாளில் இரண்டு முறை நம்மைக் கீழே இறக்குகிறது, விடியற்காலை 2 மணிக்கு மேல் பலமாக, மதியம் லேசாக. அப்புறம் இன்னொன்று, விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே போகும், அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும், தூங்கினால்தான் கரையும். உங்களுக்கு இரவிலேயே முழுதாகக் கரையாமல் மிச்சம் நின்றுவிடுகிறது. மிச்சம் இருக்கிற அடினோசினும் கடிகாரத்தின் இறக்கமும் 2 மணிக்கு ஒன்றாகச் சேரும்போது கண் சொக்காமல் என்ன செய்யும்?

உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்று நம் ஊரில் எப்போதோ சொல்லிவிட்டார்கள். களை எடுக்கப் போன பெண்கள் தூக்குச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் சேலைத் தலைப்பை விரித்து அரை மணி நேரம் படுத்து எழுவதை நான் சிறு வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களைக் குறை சொன்னதில்லை, சித்திரை வெயிலில் வேறு என்ன செய்வது. வீட்டுக்குள், கூரைக்குக் கீழே, கணினி முன்னால் வேலை செய்கிற பெண் படுத்தால் மட்டும் அது எப்படியோ குற்றமாகிவிட்டது. இதை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது என் கிளினிக்கில் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு 5 மணிவரை தூங்குவதைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

உங்களுக்கு நேராகப் பொருந்துகிற ஒரு ஆய்வு இருக்கிறது, அதுவும் நம் சென்னையிலேயே நடந்தது. எம்ஐடி, ஹார்வர்ட் போன்ற பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள், ஃபிராங்க் ஷில்பாக், கௌதம் ராவ் உள்ளிட்டவர்கள், சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரை வைத்துச் செய்தார்கள், 2021இல் வெளியானது. அவர்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா, கணினியில் தகவல்களைத் தட்டுவது. உங்கள் வேலைக்குப் பக்கத்து வேலை. கையில் தூக்கத்தை அளக்கும் ஒரு கருவியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிப் பார்த்ததில், படுக்கையில் 8 மணி நேரம் இருக்கிறார்கள், தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். இரவில் சராசரியாக 31 முறை விழிப்புத் தட்டுகிறது. கொசு, புழுக்கம், தெருச் சத்தம், ஒரே அறையில் நாலைந்து பேர், நமக்குத் தெரியாததா.

அவர்களில் ஒரு பகுதியினருக்கு இரவுத் தூக்கத்தைக் கூட்டுவதற்கான வசதிகளும் ஊக்கமும் கொடுத்தார்கள். தினமும் 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ மனநிலையிலோ சொல்லும்படி எந்த மாற்றமும் தெரியவில்லை, ஆய்வு செய்தவர்களே இதை எதிர்பார்க்கவில்லை. இன்னொரு பகுதியினருக்கு வேலை செய்யும் இடத்திலேயே மதியம் அரை மணி நேரம் அமைதியான இடத்தில் படுக்க வாய்ப்பு கொடுத்தார்கள். அவர்களுக்கு வேலையில் வேகம், கவனம், மனசு இருக்கிற நிலை, பொறுமை எல்லாமே கொஞ்சம் மேலே வந்தன. இரவில் துண்டு துண்டாக அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதைவிட மதியம் தொந்தரவில்லாமல் கிடைக்கும் அரை மணி நேரம் அவர்களுக்கு அதிகம் உதவியது என்றால், ஒருவேளை தூக்கத்தின் தரம்தான் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அரை மணி நேரமும் நிறுத்தாமல் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், தூங்கியவர்கள் வேலை செய்த நேரம் குறைந்ததால் வருமானம் சற்றுக் குறைந்தது. தூங்காமல் வெறுமனே இடைவேளை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்களே மேல். உங்களுக்கு 2 மணி நேரத்துக்குப் பதில் 20 நிமிடம்தான் போகப்போகிறது, அதனால் உங்கள் கணக்கில் நேரம் மிச்சம்தான் ஆகும்.

அடுத்து அந்தப் படபடப்பு. இதைத்தான் நான் உங்கள் கடிதத்தில் அதிக நேரம் யோசித்தேன், ஏனென்றால் நீங்கள் இதைக் கடைசியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். தூக்கம் போதாத உடம்பு ஓடுவதற்கு வேறு எங்காவது பெட்ரோல் தேட வேண்டியிருக்கிறது, அது மன அழுத்த ஹார்மோன்களில் இருந்து வருகிறது. பிரான்ஸில் 2015இல் ஒரு சிறிய ஆய்வு, 11 இளம் ஆண்கள்தான், ஒரு இரவு 2 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். மறுநாள் நார்எபிநெஃப்ரின் என்ற அழுத்த ஹார்மோன் இரண்டரை மடங்கு கூடியிருந்தது, இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுவது இதுதான். அதே ஆட்களை இன்னொரு முறை அதே மாதிரி 2 மணி நேரம் தூங்கவிட்டு, மறுநாள் பகலில் அரை மணி நேரமாக இரண்டு முறை கண்ணயர விட்டபோது அந்த ஏற்றம் தெரியவில்லை. 11 பேரை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது. ஆனால் உங்களுக்குச் சாயங்காலம் நெஞ்சு அடித்துக்கொள்வதும், சின்னவன் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதற்குக்கூடக் கண்ணீர் வந்துவிடுவதும் உங்கள் குணத்தில் உள்ள கோளாறு அல்ல என்று புரிந்துகொள்ள இது உதவும். ஓய்வு கிடைக்காத நரம்பு அப்படித்தான் அதிரும்.

இப்போது அந்தத் தலை பாரம். தூக்கத்தில் படிகள் உண்டு. முதல் படியில் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், யாராவது கேட்டால் நான் தூங்கவில்லையே என்போம். இரண்டாவது படியில் உடம்பு தளரும், துடிப்பு குறையும். ஏறக்குறைய அரை மணி நேரத்தில் மூன்றாவது படியான ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்கிவிடுகிறோம், தூக்க பாக்கி உள்ளவர்கள் இன்னும் சீக்கிரமே. இந்தக் கிணற்றின் அடியில் இருக்கும்போது யாராவது உலுக்கி எழுப்பினால் மூளையின் ஒரு பாதி எழுந்தும் மறு பாதி எழாமலும் கிடக்கும். தலை கனக்கும், வாய் கசக்கும், என்ன கிழமை என்றே தெரியாது. உங்களுக்கு நடப்பது இதுதான், வேன் ஹாரன் சத்தத்தில், கிணற்றின் அடியிலிருந்து எழுப்பப்படுகிறீர்கள். அந்த மந்தம் விலக 15 நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில்தான் சின்னவனை உட்கார வைத்து வண்டி எடுக்கிறீர்கள். இதை மட்டும் நாளையிலிருந்தே நிறுத்துங்கள், மற்றதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். நீண்ட நேரம் தூங்கிவிட்ட நாளில் அவன் அரை மணி நேரம் தாமதமாகப் போனால் டியூஷன் டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்தக் கிணற்றில் இறங்குவதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2006இல் 5, 10, 20, 30 நிமிடத் தூக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லோரும் முந்தைய இரவு சுமார் 5 மணி நேரம் தூங்கியவர்கள், உங்களைப் போல. 5 நிமிடம் பெரிதாக உதவவில்லை. 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனேயே தெளிவாக இருந்தார்கள், அந்தத் தெளிவு சுமார் இரண்டரை மணி நேரம் நின்றது. 30 நிமிடம் தூங்கியவர்கள் முதலில் கொஞ்ச நேரம் மந்தமாக இருந்து பிறகுதான் தெளிந்தார்கள். நாசா 1990களில் வெளியிட்ட ஒரு அறிக்கையில், நீண்ட தூர விமானங்களில் விமானிகளுக்கு மாற்றி மாற்றி 40 நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதில் அவர்கள் தூங்கியது சராசரியாக 26 நிமிடம். ஓய்வு கொடுக்கப்படாத விமானிகளுக்குத் தரையிறங்கும் நேரத்தில்கூடச் சில நொடி நுண்தூக்கங்கள் வந்து போயின, தூங்கியவர்களுக்குக் கடைசி அரை மணி நேரத்தில் அப்படி வரவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து போகிறவர் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடலாம் என்றால், ஒரு வீட்டையே சுமக்கிற நீங்கள் மூடக்கூடாதா?

என் வாழ்க்கையிலும் ஒன்று நடந்தது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது, தொடர்ந்து 30 மணி நேரத்துக்கு மேல் வார்டில் நின்ற ஒரு மதியம், ஒரு குழந்தைக்கான மருந்தின் அளவில் புள்ளியை இடம் மாற்றி எழுதிவிட்டேன். மூத்த செவிலியர் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் திட்டாமல், "தம்பி, அந்த ரூம்ல போய் 15 நிமிஷம் படு, அப்புறம் வந்து இதை மறுபடி எழுது" என்றார். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சீட்டு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அதன் பிறகு இத்தனை வருடத்தில், கிளினிக் மூடியிருக்கும் மதிய நேரத்தில், சாய்வு நாற்காலியில் 20 நிமிடம் நான் தூங்காத நாள் அபூர்வம். ஜிஎஸ்டி ரிட்டர்னில் எண் மாறினால் உயிர் போகாது என்பீர்கள். ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கும்போது அந்தப் பயம் உங்கள் நெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

இனி செய்ய வேண்டியது. 1 மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள், சாதத்தைக் கொஞ்சம் குறைத்துப் பொரியலையும் பருப்பையும் கூட்டினால் நல்லது. உடனே படுக்க வேண்டாம், புளித்த ஏப்பமும் நெஞ்சு எரிச்சலும் வரும். பாத்திரத்தை ஒதுக்கி, கொஞ்சம் நடந்து, 1.45 வாக்கில் படுங்கள். 2 மணிக்குக் கண் சொக்கும்வரை காத்திருக்காதீர்கள், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டால் உடம்பு உங்களை இழுத்துக்கொண்டு போகாது, நீங்களே போய் நீங்களே திரும்பி வருவீர்கள். எப்படியும் 3 மணிக்குமேல் படுக்காதீர்கள், இரவுத் தூக்கத்தில் கை வைக்கும். படுக்கையறைக் கட்டிலில் வேண்டாம். ஹாலில் கோரைப்பாய் விரித்து, தலையணை ஒன்று, ஃபேன், ஜன்னல் திரையை இழுத்து விட்டால் போதும். கட்டில் மெத்தையில் படுத்தால் எழுந்திருக்க மனசு வராது, பாயில் படுத்தால் எழுவது சுலபம். கண்ணுக்கு மேல் ஒரு கைக்குட்டை போட்டுக்கொள்ளலாம். நெஞ்சு எரிச்சல் உள்ளவர் என்றால் இடது பக்கம் சாய்ந்து படுங்கள்.

போனில் 25 நிமிடத்துக்கு அலாரம், தூங்கப் பிடிக்கும் 5 நிமிடத்தையும் சேர்த்து. வைத்துவிட்டுப் போனை எழுந்து நடந்தால்தான் எட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள், பக்கத்தில் இருந்தால் வாட்ஸ்அப்பைப் பார்ப்பீர்கள், இல்லையென்றால் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பீர்கள், இரண்டும் எல்லோரும் செய்வதுதான். அலாரம் அடித்ததும் எழுந்து முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்து, வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போய் இரண்டு நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். முதல் வாரம் அலாரம் அடிக்கும்போது அழுகையே வரும், இன்னும் தூங்கச் சொல்லி உடம்பு கெஞ்சும், ஏனென்றால் பாக்கி அவ்வளவு இருக்கிறது. அந்த ஒரு வாரம் அத்தையிடமோ யாரிடமோ சொல்லி எழுப்பச் சொல்லுங்கள்.

தூக்கமே பிடிக்காவிட்டால்? பரவாயில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு, கால் விரலில் ஆரம்பித்து மேலே ஒவ்வொரு பகுதியாகத் தளர விடுங்கள், பள்ளிக்கூடத்தில் யோகா டீச்சர் சவாசனம் சொல்லிக் கொடுத்திருப்பாரே, அதேதான். தூக்கம் அளவுக்கு இல்லாவிட்டாலும் படபடப்பு குறைய இதுவும் உதவும். "தூங்கியே ஆகணும்" என்று உங்களை நீங்களே விரட்டினால்தான் காரியம் கெடும்.

காபி குடிப்பவர் என்றால் ஒரு வழி இருக்கிறது. படுப்பதற்குச் சற்றுமுன் அரை டம்ளர் காபியைக் குடித்துவிட்டுப் படுங்கள். கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் காஃபின் வேலை செய்ய ஏறக்குறைய 20, 30 நிமிடம் ஆகும், நீங்கள் எழுவதும் அது ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 1990களில் தூக்கக் கலக்கத்தில் உள்ள ஓட்டுநர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள், காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்தபோது நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அன்றைக்குக் காபியும் வேண்டாம், டீயும் வேண்டாம். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே 5 மணி நேரம் போல ஆகும், 6 மணிக்குக் குடிக்கிற டீதான் பலருக்கு 11.30 மணிக்கும் கண்ணை மூட விடாமல் செய்கிறது.

உடம்பு ஊதுமா என்று கேட்டீர்கள். 20 நிமிடத் தூக்கத்தால் யாரும் குண்டாவதில்லை. இரவில் தூக்கம் குறைந்தால்தான் பசியைக் கிளப்பும் ஹார்மோன் கூடி, சாயங்காலம் முறுக்கு டப்பாவைத் தேட வைக்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்குமேல் பகலில் தூங்குபவர்களிடம் சர்க்கரை, ரத்த அழுத்தம் அதிகம் காணப்படுகிறது என்று சில ஆய்வுகள் சொல்வது உண்மை, ஆனால் அவர்களில் பலருக்கு உள்ளே நோய் இருப்பதால்தான் பகலில் அவ்வளவு தூக்கம் வந்திருக்கலாம், எது முந்தி எது பிந்தி என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மறுபக்கம், கிரீஸ் நாட்டில் 23,681 பேரை 6 ஆண்டுகளுக்குமேல் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், மதியம் வழக்கமாகக் கண்ணயர்கிறவர்களிடம் இதய நோய்ச் சாவு 37 சதவீதம் குறைவாக இருந்தது. அதுவும் ஒரு தொடர்புதான், தூக்கம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் ஊதும் என்ற பயத்தையும் விடுங்கள், தூங்கினால் இதயநோயே வராது என்றும் நம்ப வேண்டாம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். 38 வயதுப் பெண், அசதி, படபடப்பு என்றால் நான் முதலில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன், வெளுத்திருக்கிறதா என்று. நம் மாநிலத்தில் உங்கள் வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது என்றால் சந்தேகம் இன்னும் கூடும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள், அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். சளிக்கும் அரிப்புக்கும் மாத்திரை ஏதாவது தொடர்ந்து போடுகிறீர்களா என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சில மாத்திரைகள் பகலெல்லாம் அசத்தும். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், நடுவில் மூச்சு நின்று திணறுகிறது என்று உங்கள் கணவர் சொன்னால் அது தனி வியாதி, அதற்குக் குட்டித் தூக்கம் மருந்தில்லை, நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்க்க வேண்டும். ஒன்றிலும் மனம் ஒட்டாமல், எதற்கு வாழ்கிறோம் என்ற நினைப்போடு அழுகை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் டெலி மனாஸ் 14416, அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. இரவில் 7 மணி நேரம் படுக்கையில் இருந்தும் தூக்கம் பிடிக்காமல் புரள்கிறவர்கள் பகலில் தூங்கவே வேண்டாம், அவர்கள் அந்தத் தூக்கப் பசியை இரவுக்குச் சேர்த்து வைக்க வேண்டியவர்கள். நம் சகோதரியின் கதை வேறு, இவருக்குப் படுக்கவே நேரம் கிடைப்பதில்லை. மதியம் 2 மணி நேரம் தூங்குவதை 20 நிமிடமாகக் குறைத்தாலே இவருக்கு 11.30க்குப் படுத்த பிறகும் தூக்கம் தள்ளிப்போகாது.

அத்தை சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வது அவராக உருவாக்கியதில்லை. பகல் துயில் கூடாது என்று சித்த மருத்துவத்திலும் சொல்லியிருக்கிறது, ஆயுர்வேதத்திலும் சொல்லியிருக்கிறது, ஆனால் அதே ஆயுர்வேதம் இரவு குறுகியிருக்கும் கோடைக்கு விலக்கு கொடுக்கிறது, களைத்தவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு கொடுக்கிறது. வேலை வெட்டி இல்லாமல் பகலெல்லாம் கிடப்பதைத்தான் பெரியவர்கள் கண்டித்தார்கள் என்று நான் நினைக்கிறேன். அவரிடம் வாதாட வேண்டாம். "அத்தை, டாக்டர் 20 நிமிஷம் படுக்கச் சொல்லியிருக்காரு, 2.10க்கு என்னை எழுப்பி விடுங்க" என்று அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அவருக்கும் ஒரு பாயைப் போடுங்கள், எனக்குத் தெரிந்து அந்த வயதில் மதியம் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயராதவர்கள் கிடையாது. நீங்கள் தெளிவாக எழுந்து பிள்ளைகளைச் சிரித்த முகத்தோடு கூப்பிடுவதை நாலு நாள் பார்த்தால் அவரே பக்கத்து வீட்டில் சொல்வார்.

உங்கள் கணவரும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். மதியம் 20 நிமிடம் உங்களைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் ஐந்தேகால் மணி நேர இரவை அது ஈடுகட்டாது. இரவு 10 மணிக்குமேல் நடக்கிற வேலை என்னென்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள், பாத்திரம், அடுத்த நாளுக்குக் காய் நறுக்குவது, மாமனாருக்கு மாத்திரை, பிள்ளைகளின் துணி மடிப்பது, பை எடுத்து வைப்பது. அதில் மூன்றைக் கணவரிடம் கொடுங்கள். பெரிய பிள்ளை தன் பையைத் தானே எடுத்து வைக்கலாம். 10.45க்குப் படுக்க முடிந்தால் வாரத்துக்கு ஐந்தேகால் மணி நேரம் திரும்பி வருகிறது, உங்களுக்கு ஒரு முழு இரவு.

20ஆம் தேதிக்கு முன்னால் இருக்கிற நெருக்கடி வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம், "இப்ப எங்க நேரம்" என்று மனசு சொல்லும். 21ஆம் தேதி மதியம் பாயை விரியுங்கள். மூன்று வாரம் செய்துவிட்டு, எத்தனை நாள் அலாரத்துக்கு எழ முடிந்தது, சாயங்காலப் படபடப்பு எப்படி இருக்கிறது, ஹீமோகுளோபின் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். எண் 11க்குக் கீழே வந்தால் மூன்று வாரமெல்லாம் காத்திருக்காமல், அன்றைக்கே உங்கள் ஊர் மருத்துவரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.